வேலி, உழைப்பு, உரிமை: கோத்தகிரியின் சனிக்கிழமைத் தத்துவ வகுப்பு

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், கடைத்தெருவின் மாடியறை ஒன்றில், சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அறிவொளிக் கால அரசியல் சிந்தனையைத் தமிழிலேயே கற்பிக்கும் வகுப்பு நடக்கிறது. பன்னிரண்டு வாரப் பாடத்துக்குக் கட்டணம் 1,200 ரூபாய். மாணவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதில் பாதி. அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாடம் எடுக்கிறார். மூலநூல்களின் பகுதிகளை அவரும் அவருடைய பழைய மாணவர்கள் சிலரும் தமிழாக்கி, படியெடுத்து, வாரந்தோறும் கையில் தருகிறார்கள். ஜான் லாக், தாமஸ் ஹாப்ஸ், ரூசோ, டேவிட் ஹியூம், மாண்டெஸ்கியூ ஆகிய ஐவரும் பாடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். இறுதி வாரத்தில் காண்ட்டும் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டும் வருகிறார்கள். அரசு எதற்கு, சொத்து எப்படி உண்டானது, மனிதர் இயல்பில் எப்படிப்பட்டவர் என்ற மூன்று கேள்விகளை விட்டு வகுப்பு எங்கும் விலகுவதில்லை.

ஒரு சுற்று முழுவதும் இருந்து கேட்டபின் எழுதுகிறேன். இந்த வகுப்பின் பெரும் பலம், மூன்று கேள்விகளையும் அது எடுத்துக்கொள்ளும் வரிசையில் இருக்கிறது. கல்லூரிப் பாடநூல்களில் மனித இயல்பு முதலில் வரும். அதிலிருந்து, அரசு உண்டாவதற்கு முந்திய வாழ்க்கையான இயற்கை நிலை, அதிலிருந்து, மக்கள் கூடி அரசை அமைக்கும் சமூக ஒப்பந்தம், பிறகு அரசு. சொத்து என்பது கடைசிப் பக்கங்களில் ஒரு துணைத்தலைப்பாக நின்றுவிடும். இங்கே முதல் மூன்று வாரமும் சொத்துதான். மனிதரைப் பற்றி ஒரு சிந்தனையாளர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது, நிலத்தின் முன் மனிதர் என்ன செய்வார் என்று அவர் எழுதும் இடத்தில்தான் தெளிவாக வெளிப்படும் என்பது ஆசிரியரின் கருத்து. சுற்று முடிந்தபோது அது எனக்கும் சரியாகவே பட்டது. நீலகிரியில் இந்த வரிசைக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. கூடலூரின் ஜென்ம நிலம் (பரம்பரை உடைமையாளரின் நிலம்), தோடர்களின் மேய்ச்சல் வெளி, சிறு விவசாயியின் தேயிலைத் தோட்டம், தொழிலாளியின் லைன் வீடு என்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நிலக் கேள்வியைச் சுமந்துகொண்டே மாடிப்படி ஏறுகிறார்கள்.

தொடக்கம் லாக்கிடமிருந்து. 1689-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த அவருடைய 'அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலில், இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் படியாகத் தரப்படுகிறது. இந்தத் துணிவைப் பாராட்ட வேண்டும். சுருக்கம் தந்து முடித்துவிடலாம் என்ற எளிய வழியை அவர்கள் எடுக்கவில்லை. உலகம் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்பட்டது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தம் உடல் தமக்கே சொந்தம். அந்த உடலின் உழைப்பும் சொந்தம். பொதுவில் கிடந்த பொருளோடு உழைப்பைக் கலப்பவர் அதைத் தம்முடையதாக்கிக்கொள்கிறார் என்பது லாக்கின் வாதம். காட்டில் பழம் பொறுக்கித் தின்றவருக்கு அந்தப் பழம் எந்தக் கணத்தில் சொந்தமானது, செரித்தபோதா, தின்றபோதா, சமைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டு வந்தபோதா, பொறுக்கியபோதா என்று அவர் அடுக்கிக் கேட்கும் பத்தியை ஆசிரியர் இரண்டு முறை உரக்க வாசித்தார். பொறுக்கிய கணத்திலேயே என்பது லாக்கின் விடை. இதற்கு அவர் இரண்டு எல்லைகளையும் போடுகிறார். எடுத்தது கெட்டு வீணாகக் கூடாது. மற்றவர்களுக்குப் போதுமான அளவு, அதே தரத்தில், மீதமிருக்க வேண்டும். பிறகு பணம் என்ற ஒன்று வருகிறது. தங்கமும் வெள்ளியும் அழுகுவதில்லை. ஆகவே முதல் எல்லை தளர்ந்துபோகிறது, ஒருவர் தம் தேவைக்கு மேல் எவ்வளவு நிலமும் வைத்துக்கொள்ள வழி திறந்துவிடுகிறது.

இந்த இடத்தில் வகுப்பு சூடு பிடித்தது. முன்வரிசையில் இருந்த வயதான தேயிலை விவசாயி ஒருவர், "சார், எங்க பாட்டன் கல்லைப் பெயர்த்து, மண்ணை வெட்டிச் செடி வெச்சாரு. அப்போ லாக் சொல்றபடி பார்த்தா இந்தத் தோட்டம் எங்களுதுதானே?" என்று கேட்டார். ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், "அப்படின்னா நாங்க பறிக்கிற கொழுந்து யாருதுங்க ஐயா?" என்றார். ஆசிரியர் தாமாக எதுவும் சொல்லாமல், படியில் ஒரு வரியைக் காட்டி அந்த அம்மாவையே வாசிக்கச் சொன்னார். என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்தரைக் கட்டி, நான் தோண்டிய கனிமம் ஆகியவை எனக்குச் சொந்தமாகின்றன என்று லாக் எழுதிய வரி அது. வேலையாளின் உழைப்பு எப்படி எஜமானின் உழைப்பாகக் கணக்கில் ஏறியது என்ற கேள்வி நெடுங்காலமாக லாக்கின் வாசகர்களைத் தொந்தரவு செய்து வருவது. அதை ஒரு விமர்சகரின் மேற்கோளாகத் தராமல், கொழுந்துக் கூடை சுமக்கும் ஒருவரின் வாயாலேயே வகுப்பு கண்டடையும்படி விட்டது நல்ல ஆசிரியத்தனம்.

அடுத்த வாரம் தோடர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமாகப் போனது. எருமை மேய்ந்த வெளிக்குத் தம் முன்னோர் வேலி போட்டதில்லை, உழுததில்லை. லாக்கின் கணக்கில் அது வெறும் தரிசுதானே என்று அவர் கேட்டார். ஆம், லாக்கின் நூலில் அப்படித்தான் முடிகிறது. ஒருவர் எவ்வளவு நிலத்தை உழுது, நட்டு, பண்படுத்தி, விளைச்சலைப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவே அவருடையது என்கிறார் அவர். உழப்படாத அமெரிக்க நிலத்தின் ஒரு ஏக்கருக்கும் இங்கிலாந்தில் கோதுமை விளையும் ஒரு ஏக்கருக்கும் விலை போட்டு, பின்னது ஆண்டுக்கு ஐந்து பவுண்டு பயன் தரும், முன்னது ஒரு பென்னிகூடப் பெறாமல் போகலாம் என்று எழுதுகிறார். தொடக்கத்தில் உலகமே அமெரிக்காவாக இருந்தது என்பதும் அவர் வாக்கியம்தான். ஆனால் வகுப்பு இதோடு நிற்கவில்லை. அதே அத்தியாயத்தில், இங்கிலாந்தின் ஊர்ப்பொது நிலத்தை மற்றப் பங்காளிகளின் சம்மதமில்லாமல் யாரும் வேலியடைக்க முடியாது, ஏனெனில் அது உடன்பாட்டினால் பொதுவாக விடப்பட்டது என்று லாக் சொல்லும் பத்தி இருக்கிறது. காயீன் தன்னால் உழ முடிந்த நிலத்தை எடுத்துக்கொண்டாலும் ஆபேலின் ஆடுகள் மேயப் போதுமான இடம் இருந்தது என்று விவிலியக் கதையைக் கொண்டு அவர் பேசும் பத்தியும் இருக்கிறது. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தபோது, லாக்குக்குப் பொது மேய்ச்சல் என்பதன் உரிமை நன்றாகத் தெரிந்திருந்தது என்பதும், தம் நாட்டு ஊராருக்கு அவர் ஒப்புக்கொண்ட அந்த உரிமையைக் கடல் கடந்த மக்களுக்கு அவர் நீட்டவில்லை என்பதும் எல்லோருக்கும் விளங்கியது.

லாக் கரோலினா குடியேற்றத்தின் உடைமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பணம் போட்டவர் என்ற செய்திகள் இதற்குப் பிறகே சொல்லப்பட்டன. அதை முதலில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நூலைப் படிக்காமலேயே மூடி வைத்திருப்பார்கள். அதிகாரம் மக்களின் சம்மதத்தில் நிற்கிறது, அரசு உயிரையும் விடுதலையையும் உடைமையையும் காக்கத் தவறினால் மக்கள் அதை மாற்றலாம் என்று எழுதியவரும் அவர்தான். ஒருவரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு புரிந்துகொண்டபின் அவருடைய வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா வாரமும் தொடர்ந்தது.

மூன்றாம் வாரம் கன்னேரிமுக்கில் நடந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தபின் கட்டிய பங்களா அங்கே புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக நிற்கிறது. தோடர்களுக்கு அவர்களுடைய நிலத்தின்மேல் உடைமை உரிமை உண்டு என்று சல்லிவன் சென்னை அரசிடம் வாதாடினார். சென்னையில் அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அதே சல்லிவன் உதகையில் பரந்த நிலத்தைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டவரும்கூட. லாக் ஏட்டில் எழுதியது இந்த மலையில் கோப்புகளாக மாறிய விதத்தை அந்த முற்றத்தில் நின்று கேட்டது நல்ல அனுபவம். இடத்தின் ஈர்ப்பில் சல்லிவனின் வாழ்க்கை வரலாறு சற்று நீண்டுவிட்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தத்துவத்துக்கு அன்று கிடைத்தது அரைமணி நேரம்தான்.

ஹாப்ஸுக்கு இரண்டு வாரம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரும், 1649-இல் அரசன் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதும், 1651-இல் வந்த 'லெவியதான்' நூலுக்குப் பின்னால் நிற்பதை முதல் வாரம் விளக்கியது. ஹாப்ஸ் மனிதரை வெறுத்தவர் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை வகுப்பு பொறுமையாகக் களைந்தது. மனிதர் ஏறக்குறையச் சமமானவர்கள், மிக வலியவரையும் மிக எளியவர் சூழ்ச்சியாலோ கூட்டுச் சேர்ந்தோ கொன்றுவிட முடியும், ஆகவே அஞ்சுவது அறிவுள்ள செயல் என்பதே அவர் தொடங்கும் இடம். பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறீர்கள், தூங்கும்போது கதவைத் தாழிடுகிறீர்கள், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறீர்கள். உங்கள் செயல் மனிதகுலத்தைக் குற்றம் சாட்டுவதைவிட என் சொல் அதிகமாகவா குற்றம் சாட்டுகிறது என்று அவர் வாசகரைப் பார்த்துக் கேட்கிறார். இயற்கை நிலையில் என்னுடையது, உன்னுடையது என்ற பிரிவே கிடையாது. ஒருவர் பிடிக்க முடிந்தது, காப்பாற்ற முடிந்த வரைக்கும் அவருடையது. சொத்து என்பது இறையாண்மை கொண்ட அரசு வந்து பங்கிட்டுக் கொடுத்தபின் உண்டாவது.

லாக்கும் ஹாப்ஸும் எதிரெதிரே நிற்கும் இந்த இடத்தைக் கூடலூரை வைத்துக் காட்டியது பாடத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்று. நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையில் இருந்த கூடலூர் நிலங்களை, பயிரிடுபவர் அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெறும் ரயத்துவாரியாக மாற்ற 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களின் நிலை நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுபட்டது; அவற்றில் தலைமுறையாகப் பயிர் செய்து வந்தும் பட்டா இல்லாதவர்கள் ஏராளம். கூடலூரில் பிறந்து கோத்தகிரியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், தம் வீட்டுக் காப்பிச் செடிகளின் வயதைச் சொல்லி, இது யாருடைய நிலம் என்று கேட்டார். உழைத்தவருக்குச் சொந்தம் என்பது லாக்கின் விடை. அரசு எழுதிக் கொடுக்காத வரைக்கும் அதில் யாருக்கும் சொத்து இல்லை என்பது ஹாப்ஸின் விடை. அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினர் இரண்டு விடையிலும் எங்கே நிற்கிறார்கள் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பட்டா இல்லாமலேயே ஓர் உரிமை முன்பிருந்து உண்டு என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் ஹாப்ஸுக்கு எதிராக நிற்கிறது என்று ஒரு வழக்கறிஞர் சொன்ன கருத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

ரூசோவின் வாரங்கள் கூட்டத்தை ஈர்த்த அளவுக்கு ஆழமாகப் போகவில்லை என்பது என் மதிப்பீடு. 1755-இல் வெளிவந்த 'சமத்துவமின்மையின் தோற்றம்' பற்றிய உரையின் இரண்டாம் பகுதித் தொடக்கம் எவரையும் கட்டிப்போடக்கூடியது. ஒரு துண்டு நிலத்தை வேலியடைத்து இது எனது என்று சொல்லி, அதை நம்பும் அளவுக்கு எளிய மக்களையும் கண்டுகொண்ட முதல் ஆள்தான் குடிமைச் சமூகத்தின் உண்மையான நிறுவனர். விளைச்சல் எல்லோருக்கும் சொந்தம், நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று கூவி அந்த வேலியை யாராவது பிடுங்கியிருந்தால் எத்தனை போர்களும் கொலைகளும் தவிர்ந்திருக்கும் என்கிறார் ரூசோ. இதை வாசித்தபோது அறையில் கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை பாதியில் நின்றது. மனிதருக்கு இயல்பில் இருப்பவை தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வும் பிற உயிரின் துன்பம் கண்டு இரங்கும் உணர்வும். பிறரோடு தன்னை ஒப்பிட்டு மதிப்புத் தேடும் ஆசை பின்னால் வந்தது என்னும் அவருடைய பாகுபாடு சரியாகவே விளக்கப்பட்டது. ஆனால் அதே ரூசோ, அதே 1755-இல், அன்றைய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய அரசியல் பொருளாதாரக் கட்டுரையில், குடிமக்களின் உரிமைகளில் மிகப் புனிதமானது சொத்துரிமை என்று எழுதியதை வகுப்பு தொடவேயில்லை. 1762-இல் வந்த 'சமூக ஒப்பந்தம்' நூலில், முதலில் குடியேறியவரின் உரிமைக்கு அவர் மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்: நிலத்தில் முன்பு யாரும் குடியிருக்கக் கூடாது, பிழைப்புக்கு வேண்டிய அளவே எடுக்க வேண்டும், வெறும் சடங்கால் உரிமை கொண்டாடாமல் உழைத்துப் பயிரிட்டிருக்க வேண்டும். முதல் வாரங்களில் தோடர்களையும் கூடலூரையும் பற்றிப் பேசிய வகுப்புக்கு இந்த மூன்று நிபந்தனைகளும் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! வேலியைப் பிடுங்கச் சொன்ன ரூசோவை மட்டும் மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொது விருப்பத்துக்கும் எல்லோருடைய தனி விருப்பங்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாடும் அவசரமாக முடிந்தது.

அதே வாரத்தில் நடந்த ஒரு நல்ல வாதத்தையும் சொல்ல வேண்டும். மனிதரை நாகரிகப்படுத்திக் கெடுத்தவை இரும்பும் கோதுமையும் என்கிறார் ரூசோ: ஒருவர் இரும்பை உருக்க, இன்னொருவர் அவருக்கும் சேர்த்துப் பயிரிட வேண்டி வந்தபோது சமத்துவம் போயிற்று என்பது அவர் வாதம். நீலகிரியில் கோத்தர் இரும்பு வேலையும் மட்பாண்டமும் செய்தார்கள், படகர் தானியம் விளைவித்தார்கள், தோடர் பாலும் நெய்யும் தந்தார்கள், குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டு வந்தார்கள். இந்தப் பரிமாற்றம் நெடுங்காலம் நிலைத்து நின்றது. அதில் மேல் கீழ் என்ற படிநிலையும் இருந்தது. பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேச ஒருவர் முற்பட்டபோது, படகர் ஊரைச் சேர்ந்த பெரியவரும் கோத்தர் சமூகத்து மாணவர் ஒருவரும் அதை மறுத்து, தத்தம் வீட்டில் கேட்டறிந்ததைச் சொன்னார்கள். ரூசோவை வழிபடாமல் சோதிக்க வகுப்புக்குத் தெரியும் என்பதற்கு இது சான்று.

என்னைப் பொறுத்தவரை ஹியூமின் இரண்டு வாரத்துக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். தமிழ்நாட்டு வாசகரிடையே அவருடைய பெயர் லாக், ரூசோ அளவுக்குப் புழங்குவதில்லை. சொத்து இயற்கையில் இருந்ததும் இல்லை, ஒருநாள் கூடி ஒப்பந்தம் போட்டு உண்டானதும் இல்லை என்பது 1740-இல் வெளிவந்த அவருடைய 'மனித இயல்பு' நூலின் மூன்றாம் புத்தகத்தில் வரும் கருத்து. ஒரு படகில் துடுப்புப் போடும் இருவர் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்வதில்லை. ஆனாலும் ஒரே தாளத்தில் வலிக்கிறார்கள், படகு நகர்கிறது. சொத்து என்ற வழக்கமும் அவ்வாறே, ஒவ்வொருவரும் மற்றவரின் பொருளைத் தொடாமல் விடுவதால் தமக்கும் நன்மை என்று கண்டு, தவறித் தவறி மெல்ல உறுதிப்பட்டது. மனிதர் முழுத் தன்னலக்காரர்களும் இல்லை, முழு வள்ளல்களும் இல்லை. தம் வீட்டார்மேல் அன்பு அதிகம், அயலார்மேல் குறைவு. பொருளும் வேண்டிய அளவுக்கு இல்லை, முற்றிலும் இல்லாமலும் இல்லை. இந்த இரண்டு நிலைமைகளும் சேரும் இடத்தில்தான் நீதி என்ற ஒன்று தேவைப்படுகிறது என்கிறார் ஹியூம். பொருள் அளவின்றிக் கிடைத்தாலோ, எல்லோரும் எல்லோரையும் தம் பிள்ளைகளாக நேசித்தாலோ, என்னுடையது என்ற சொல்லுக்கே வேலை இருக்காது. கோடைக் காலத்தில் ஊர்த் தண்ணீர்க் குழாய்க்கு முறை வைத்துக்கொள்ளும் ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், வாழ்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை.

'மூல ஒப்பந்தம் பற்றி' என்ற அவருடைய 1748-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒரு முழு வாரம் தரப்பட்டது. ஒரு நாட்டில் தொடர்ந்து வாழ்வதே அதன் அரசுக்குத் தரும் மறைமுகச் சம்மதம் என்று லாக் சொன்னதை ஹியூம் அதில் மறுக்கிறார். அயல்மொழியோ அயல் வழக்கமோ அறியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை விவசாயிக்குத் தன் நாட்டை விட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறது என்று மனமறிந்து சொல்ல முடியுமா என்று கேட்கிறார். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவர், கடலில் குதித்துச் சாவதைத் தவிர வேறு வழியின்றிக் கப்பலிலேயே இருப்பதை, கப்பல் தலைவரின் ஆட்சிக்கு அவர் தந்த சம்மதம் என்று சொல்வதைப் போன்றது அது என்கிறார்.

அன்றைக்கு அறையில் இருந்தவர்களில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே இன்றைய டான்டீ. அந்தத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா எழுந்து, "எங்க தாத்தாவ ரெண்டு சர்க்காரும் தலை எண்ணிப் பிரிச்சாங்க சார். அவர்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. கப்பல்ல ஏத்தினதுகூட நெசந்தான்" என்றார். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்த கப்பல் அவர் குடும்பத்தின் கப்பல். சமூக ஒப்பந்தம் என்ற கருத்தின்மேல் எழுந்த மிகக் கூர்மையான மறுப்பு, அதை வாழ்ந்து கண்ட ஒருவரின் சொல்லில் அன்று மறுபடியும் எழுந்தது. ஆசிரியர் அதை வைத்து நெகிழ்ச்சியூட்டும் பேச்சில் இறங்கவில்லை. ஹியூம் இதிலிருந்து எடுக்கும் முடிவு என்ன, அரசுக்குக் கீழ்ப்படிய வேறு என்ன காரணம் சொல்கிறார், சமூகம் நிலைத்திருக்க வேண்டும் என்ற பொதுநன்மைக் காரணம் அந்த அக்காவின் தாத்தாவுக்குப் போதுமானதா என்று வாதத்தை முன்னே நகர்த்தினார். போதாது என்று அந்த அக்கா சொன்னார். வகுப்பில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள், நானும் அப்படியே.

மாண்டெஸ்கியூவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம், அதிலும் பாதி நேரம் தட்பவெப்பக் கொள்கைக்குப் போயிற்று. வெப்பம் இந்தியரைக் கோழைகளாக்குகிறது என்று அவர் எழுதியதைக் குளிர் மலையில் உட்கார்ந்து மறுப்பது எளிது. அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேரக் கூடாது என்ற அவருடைய கொள்கை பள்ளியிலேயே எல்லோரும் படித்தது. விடுபட்டதுதான் முக்கியமானது. 1748-இல் வந்த 'சட்டங்களின் ஆன்மா' நூலின் 26-ஆம் புத்தகத்தில், பொதுநன்மை என்ற பெயரால் தனியாரின் உடைமையைப் பறிக்கக் கூடாது, சாலையோ பொதுக் கட்டடமோ வேண்டுமானால் நட்டப்பட்டவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். இந்திய அரசமைப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்து, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அந்த இடத்தை இழந்து, சட்டத்தின் வழியிலன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் 300ஏ பிரிவாக மாறிய வரலாற்றை இந்தப் பத்தியோடு சேர்த்துக் கற்பித்திருக்கலாம். சொத்தையே முதுகெலும்பாகக் கொண்ட பாடத்தில் இந்தப் பத்தி இல்லாதது பெரிய குறை.

கடைசி வாரம் நெருக்கடி மிகுந்தது. சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிந்து நில் என்ற காண்ட்டின் 1784-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, 1792-இல் வுல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய பெண்ணுரிமை நூலுக்கு வந்தார்கள். ஆணுக்கு இன்பமளிப்பதற்கேற்ற கல்வியே பெண்ணுக்குப் போதும் என்று 'எமீல்' நூலில் எழுதிய ரூசோவுக்கு அவர் தந்த பதில் ரூசோவின் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். கற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் பட்டாவில் தம் பெயர் இல்லாத தோட்டத்தில் தினமும் வேலை செய்பவர்கள். மனித இயல்பு என்று இந்த ஐந்து ஆண்களும் எழுதியபோது அதில் பெண்ணின் இயல்பு எங்கே என்ற கேள்வியை இறுதி அரைமணிக்கு ஒத்திப்போட்டது சரியில்லை. ஆடம் ஸ்மித்துக்கு இடமே இல்லாததும் எனக்கு மனக்குறை. சொத்தைக் காப்பதற்காக அமைந்த வரையில், குடிமை அரசு என்பது உண்மையில் ஏழைகளிடமிருந்து பணக்காரர்களைக் காப்பதற்கு அமைந்ததே என்று 1776-இல் எழுதியவர் அவர். அந்த ஒரு பத்தியே ஒரு பிற்பகலுக்குப் போதும்.

வசதிகளைப் பற்றிச் சில செய்திகள். தமிழாக்கப் படிகள் தெளிவான உரைநடையில் இருக்கின்றன. சிக்கலான வாக்கியங்களை உடைத்து எழுதியிருக்கிறார்கள், கருத்து எங்கும் சிதையவில்லை. ஆனால் எழுத்து மிகச் சிறியது. மூத்தவர்கள் விளக்கின் அடியில் போய் நின்று வாசித்தார்கள். மூலநூலின் பத்தி எண்களும் அச்சிடப்படவில்லை. லாக்கின் இரண்டாம் ஆய்வுரையும் மாண்டெஸ்கியூவின் நூலும் எண்ணிட்ட பகுதிகளாக அமைந்தவை என்பதால் எண்களைச் சேர்ப்பது கடினமான வேலை இல்லை. மேற்கொண்டு படிக்க விரும்புபவருக்கு அது பெரிய உதவி. இடைவேளையில் தேநீரும் வர்க்கியும் கட்டணத்திலேயே அடக்கம். அறையில் நாற்காலிகள் போதுமானவை. ஆனால் மேற்குச் சாளரம் சரியாக மூடுவதில்லை, மழை மாதங்களில் பனிமூட்டம் உள்ளேயே வந்துவிடுகிறது. வகுப்பு ஐந்தரைக்கு முடிய வேண்டும். வாதம் வளர்ந்தால் ஆறைத் தாண்டும். கடைசி நேரப் பேருந்தை நம்பியிருக்கும் ஹட்டிக்காரர்கள் நல்ல இடத்தில் எழுந்து போக வேண்டியிருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டரைக்கே தொடங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நடத்துபவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த சுற்றில் மாற்றுவதாகச் சொன்னார்கள்.

போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்க வருபவர்களுக்கு இது ஏற்ற இடம் ஆகாது. ஆண்டு, நூல், மூன்று வரிச் சுருக்கம் என்ற அமைப்பில் எதுவும் தரப்படுவதில்லை, ஒரு பிற்பகல் முழுவதும் ஒரே பத்தியில் கழியக்கூடும். நிலத்தைப் பற்றி வீட்டிலோ தாலுகா அலுவலகத்திலோ வாதாடிப் பழகியவர்களும், ஆசிரியர்களும், சட்டம் படிப்பவர்களும், தொழிற்சங்கத்தில் பேசுபவர்களும் தயங்காமல் சேரலாம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முன்படிப்பும் தேவையில்லை. ஒவ்வொரு வாரத்தின் படியையும் முந்திய வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லாக்கின் ஐந்தாம் அத்தியாயத்தையும் ஹியூமின் கட்டுரையையும் வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டு வந்தால்தான் அந்த வாரங்களின் வாதத்தில் முழுமையாகக் கலந்துகொள்ள முடியும். கன்னேரிமுக்கு வாரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் வண்டி ஏற்பாடு அவரவர் பொறுப்பு.